காலிக் கட்டம்

அத்தியாயம் ஐந்து

“கையெழுத்துப் போட மாட்டேன். வேற எது வேணும்னாலும் கேளுங்க,” என்றாள் டேட்டாக்கா. கம்ப்யூட்டரில் டேட்டாவைப் பார்த்துக்கொள்வதால் இரத்த தான மையத்தில் எல்லாருக்கும் அவள் டேட்டாக்கா.

அவள் முன்னால் மேஜையில் ஒரு கடிதம் கிடந்தது. ‘என் கவனக்குறைவினால்’ என்று தொடங்கி, ‘மன்னிக்க வேண்டுகிறேன்’ என்று முடிகிற கடிதம். அடியில் அவள் பெயருக்கு மேல் கொஞ்சம் வெள்ளை இடம். சாயங்காலம் நிர்வாகக் குழு கூடுவதற்குள் அவள் அங்கே கையெழுத்திட வேண்டும். இட்டால் வேலை இருக்கும், மானம் இருக்காது. இடாவிட்டால் இரண்டாவது மட்டும் மிஞ்சும்.

மாப்பிள்ளை அந்தக் கடிதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்தே தலைகீழாகப் படித்து முடித்தான்.

“ரொம்ப நல்லா இருக்கு. நீங்க எழுதினதா?”

“நிர்வாகி எழுதிக் குடுத்தது.”

“அதானே. தப்புப் பண்ணினவங்களுக்கு இவ்வளவு அழகா எழுத வராது.”

“மாப்பிள்ளை, நீங்க கொஞ்ச நேரம் வாய்க்கு ஓய்வு குடுங்க,” என்றார் அத்தை.

டேட்டாக்கா உதவிக்குக் கூப்பிட்டிருந்த துப்பறிவாளர். தொழிலில் அவரை எல்லாரும் ‘மேடம்’ என்பார்கள். அவனுக்கு மட்டும் அத்தை. பெண்ணைக் கொடுத்ததோடு நிற்காமல் வேலையும் கொடுத்த மாமியார். திட்டுவதானாலும் ‘வாங்க போங்க’ என்று மரியாதையோடுதான் திட்டுவார். வீட்டில் மனைவி ‘டா’ போட்டுப் பேசுவதை இதோடு ஒப்பிட்டு, எது தேவலை என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

அறையில் ஏசி எலும்பைத் துளைத்தது. மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டான். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. அதன் நெற்றியில் ‘பழுது’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. சுற்றிலும் பிய்ந்த வயர்கள்.

“முதல்லேருந்து சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி. எனக்குப் புரிஞ்சா இவருக்கும் புரியும்னு கட்டாயம் இல்லை, பரவாயில்லை,” என்றார் அத்தை.

டேட்டாக்கா சொன்னாள். அந்த இரத்த தான மையத்தில் ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே அட்டவணையில், அவள் பாஷையில் ஒரே டேபிளில், இருந்தன. ஆளுக்கு ஒரு வரி. ஆயிரக்கணக்கில் வரிகள். லேசில் கிடைக்காத ரத்த வகைக்காரர்களும் அதற்குள்தான். இனிமேல் கொடையாளியின் சம்மதம் இல்லாமல் அவரைப் போனில் கூப்பிடக் கூடாது என்று புதிதாக விதி வந்தது. அதனால், ‘கூப்பிடச் சம்மதமா’ என்று அட்டவணையில் புதிய பத்தி ஒன்றைச் சேர்க்கும் வேலை அவளிடம் வந்தது.

“ஓடிக்கிட்டு இருக்கற டேபிள்ல பத்தி சேர்க்கறதுங்கறது, குடியிருக்கற வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்டற மாதிரி மேடம். உள்ள இருக்கறவங்க யாரும் எழுந்திருக்கக்கூட வேண்டாம். ரூம் காலியா இருக்கும், அவ்வளவுதான். அப்படித்தான் கட்டினேன். எல்லாருக்கும் அந்தக் கட்டம் காலி.”

“ஏன் காலி?”

“இன்னும் யாரையும் கேட்கலையே. கேட்காம நானா சம்மதம்னு போடறதா, சம்மதமில்லைன்னு போடறதா? போன்ல இருக்கற பொண்ணு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டு நிரப்ப ஆரம்பிச்சா. ஒரு வாரம் எல்லாம் ஒழுங்கா போச்சு. அப்புறம் ஒரு நாள் காலைல வந்து பார்த்தா, ஆயிரக்கணக்குல இருந்தவங்க கொஞ்சம் பேரா சுருங்கிட்டாங்க. ராத்திரி தானா எடுக்கற நகல்லயும் அதே கொஞ்சம் பேர்தான். புது நகல் வந்தா பழையது அழிஞ்சுடும்.”

“பத்தி சேர்த்தது நீங்க. ஆள் தொலைஞ்சதும் உங்களாலதான்னு சொல்லிட்டாங்க.”

“ஆமா. ‘நீதானே கை வெச்சே’ன்னாங்க. கை வெச்சவதான் உடைச்சிருப்பான்னா, இந்தக் கட்டடத்துல நான் கை வெக்காத பொருளே இல்லை மேடம். எல்லாத்துக்கும் ஒரு கடிதம் எழுதிக் குடுங்கன்னு கேட்டேன்.”

மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது.

திரையில் எஞ்சியிருந்த அட்டவணையைக் காட்டினாள். அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“புது ரூமை வீட்டுக்குப் பின்னாடி கட்டினேன்னு சொன்னீங்க. இங்க ரத்த வகைக்கும் போன் நம்பருக்கும் நடுவுல இருக்கு.”

“அதைத்தான் மேடம் நான் கத்திக்கிட்டு இருக்கேன். பின்னாடி கட்டின ரூமை நடுவீட்டுக்குத் தள்ளிக்கிட்டு வர முடியாது. வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டி, ஆட்களைப் புது வீட்டுக்கு மாத்தணும். யாரோ அப்படிக் கட்டியிருக்காங்க. மாத்தும்போது ஆளுங்களை விட்டுட்டாங்க. இதைச் சொன்னா ‘டெக்னிக்கலா பேசிக் குழப்பாதே’ங்கறாங்க.”

“கட்டற அளவுக்கு அதிகாரம் யாருக்கெல்லாம் உண்டு?”

“மூணு பேருக்கு. எனக்கு, பெரிய டாக்டரம்மாவுக்கு, நிர்வாகிக்கு. டாக்டரம்மாவுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே ஒரு ஆள் வேணும். நிர்வாகி, ‘நான் எதையும் சேர்க்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை’ன்னு சத்தியம் பண்றார்.”

அத்தை விரலால் அந்தப் பத்தியை மேலிருந்து கீழாக, துணியில் தையலைத் தடவுவது போலத் தடவிக்கொண்டே வந்தார். சம்மதம். சம்மதம். சம்மதமில்லை. சம்மதம்.

“மாப்பிள்ளை, இதுல என்ன இல்லை?”

“ஆளுங்க இல்லை.”

“உங்களுக்குச் சம்பளம் குடுக்கறதை நினைச்சா எனக்கே என் மேல மரியாதை வருது. காலிக் கட்டம் இல்லை. ஒண்ணுகூட இல்லை. எல்லாருக்கும் காலியா விட்டதா இந்தம்மா சொல்றாங்க. போன் பொண்ணு ஒரு வாரத்துல எத்தனை பேரைக் கேட்டிருப்பா? கொஞ்சம் பேரை. மிஞ்சினவங்களும் கொஞ்சம் பேர்தான்.”

டேட்டாக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். நடுவில் வந்த பத்தியையே முறைத்துக்கொண்டிருந்ததில் அவளும் இதைக் கவனித்திருக்கவில்லை.

“பதில் சொன்னவங்க மட்டும் பிழைச்சிருக்காங்க,” என்றாள் மெதுவாக. “புது வீடு கட்டினவங்க, ‘இந்தக் கட்டம் காலியா இருந்தா உள்ள விடாதே’ன்னு கதவுல ஆள் போட்டிருக்காங்க.”

“யாருக்கோ காலியா இருந்தா பிடிக்காது. வாங்க மாப்பிள்ளை, அந்த யாரோவைப் போய்ப் பார்ப்போம்.”

*

போகிற வழியில் போன் மேஜை. காதில் கருவியை மாட்டியிருந்த பெண் வெறுங்கையால் ‘உட்காருங்க’ என்று காட்டிவிட்டு, பேசிக்கொண்டிருந்த மருத்துவமனையிடம் ஒரு நம்பரைச் சொல்லி முடித்தாள்.

“இந்தக் கலாட்டாவுக்கு அப்புறம், ஆள் இல்லைன்னு எத்தனை ஆஸ்பத்திரியைத் திருப்பி அனுப்பினேம்மா?” என்று கேட்டார் அத்தை.

“ஒருத்தரைக்கூட இல்லை மேடம். லிஸ்ட்ல இல்லாட்டி டேட்டாக்காவைக் கேட்பேன். யோசிச்சுட்டு வந்து நம்பர் சொல்லிடுவாங்க. அவங்களே ஆளைக் கூப்பிட்டு, சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் குடுப்பாங்க.”

“நம்பர் எப்படித் தெரியும்?”

“நானும் கேட்டேன். ஞாபகசக்தின்னாங்க.”

“எனக்கு என் நம்பரே ஞாபகம் இல்லை. அவங்க எதைச் சாப்பிடறாங்கன்னு கேட்டுச் சொல்லு தாயி,” என்றான் மாப்பிள்ளை.

அத்தை சிரிக்கவில்லை. அவனைத் திட்டாமல் நடந்தார். அவர் திட்டாமல் நடந்தால் மண்டைக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

*

நிர்வாகி வாசல் வரை வந்து வரவேற்றார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு.

“எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபமே இல்லை மேடம். நல்ல பொண்ணு. ஒரு கையெழுத்து. விஷயம் காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிரும். பிடிவாதம் பிடிக்கறா.”

அத்தை அவர் பேச்சைக் கேட்பது போல அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் பார்த்தான். சுவரில் சாவிப் பலகை. எல்லாக் கொக்கியிலும் சாவி. மேஜையில் பேனாத் தாங்கி, துளைக்கு ஒரு பேனா. நாட்காட்டியில் எல்லா நாளிலும் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தான். ‘கூட்டம்.’ ‘தணிக்கை.’ ‘ஒன்றுமில்லை.’ ‘ஒன்றுமில்லை.’ ‘பல் டாக்டர்.’ ‘ஒன்றுமில்லை.’

“சார், ஒன்றுமில்லாத நாள்ல ஒன்றுமில்லைன்னு எழுதியிருக்கீங்க.”

“பின்னே? வெறுமனே விட்டா மறந்துட்டேனோன்னு சந்தேகம் வரும்.”

“அந்தக் கடைசிச் சாவி எந்த ரூமுக்கு?”

“அது எதுக்கும் இல்லை. அந்தக் கொக்கி காலியா இருந்தது.”

அத்தை எழுந்தார். அவர் எழுந்த நாற்காலியில் நிர்வாகி தன்னையறியாமல் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். வெளியே வந்ததும் மாப்பிள்ளை அத்தையின் காதருகே குனிந்தான்.

“இவர்தான் அத்தை. சந்தேகமே இல்லை. ஆனா சத்தியம் பண்றாரே. அந்த மூஞ்சியைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரியும் இல்லை.”

“பொய் சொல்லலை. அதுதான் சிக்கல்.”

“புரியலை.”

“புரியாதபோதும் இப்படி வாய் திறந்து சொல்றீங்க பாருங்க, அந்த ஒரு குணத்துக்காகத்தான் பொண்ணைக் குடுத்தேன். முதல்ல இன்னொருத்தங்களைக் கேட்க வேண்டியிருக்கு.”

*

டேட்டாக்காவின் அறைக்கதவை அத்தை உள்பக்கம் தாழிட்டார்.

“மாப்பிள்ளை, அந்த மேஜைக்கு அடியில காலை நீட்டுங்க. முன்ன மாதிரியே.”

நீட்டினான்.

“ஏசி இந்தக் குளிர் குளிருது. நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டேன். நீங்க மட்டும் பூனை மாதிரி சுகமா உட்கார்ந்திருந்தீங்க. ஏன்?”

“இங்க கதகதப்பா இருந்தது. இந்தப் பெட்டி...” அவன் குனிந்து தொட்டான். ‘பழுது’ என்று சீட்டு ஒட்டிய பெட்டி, இப்போதுதான் இறக்கிவைத்த பால் பாத்திரம் போல இதமாகச் சுட்டது. “செத்த மெஷினுக்குக் காய்ச்சல் அடிக்குது அத்தை.”

அத்தை டேட்டாக்காவிடம் திரும்பினார்.

“குடியிருக்கற வீட்டுல கை வெக்கறதுக்கு முன்னாடி ஒத்திகை பார்க்காம வைப்பீங்களா நீங்க? முழு டேபிளையும் இதுல நகல் எடுத்து, இங்க ஒரு தடவை பத்தி சேர்த்துப் பார்த்துட்டுத்தானே அங்க சேர்த்தீங்க? தொலைஞ்சதா சொல்ற அத்தனை பேரும் உங்க காலடியிலதான் உட்கார்ந்திருக்காங்க. ஞாபகசக்தி இல்லை, இதுதான்.”

மாப்பிள்ளை காலைப் பெட்டியிலிருந்து இழுத்துக்கொண்டான். வாடிக்கையாளரே குற்றவாளியானால் சம்பளம் யார் தருவது என்று ஒரு கணம் கணக்குப் போட்டான்.

“ஆமா,” என்றாள் டேட்டாக்கா. குரல் தழையவே இல்லை. “எல்லாரும் இருக்காங்க.”

“எடுத்துக் குடுத்திருந்தா வேலை போற பயமே இல்லையேம்மா.”

“குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும் மேடம்? ‘தொலைச்சே, நல்லவேளை நகல் வெச்சிருந்தே, இந்தத் தடவை மன்னிச்சோம், இனிமே ஜாக்கிரதை’ன்னு முதுகுல தட்டியிருப்பாங்க. நான் எதுக்கு மன்னிப்பு வாங்கணும்? செய்யாத தப்புக்குக் கிடைக்கற மன்னிப்பும் எனக்கு ஒரு தண்டனைதான். கேட்டு வந்த நோயாளி யாரும் திரும்பிப் போகலை. ராத்திரியில கூப்பிட்டாலும் ஓடி வந்து நம்பர் எடுத்துக் குடுத்தேன். டேட்டா கண்டுபிடிக்கவா உங்களைக் கூப்பிட்டேன்? ஆளைக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டேன்.”

“எங்ககிட்ட மறைச்சது தப்பு.”

“தப்புதான். அதுக்கு மட்டும் வேணா கடிதம் எழுதித் தரேன்.”

அத்தை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கல்யாண வயதில் எதிர்த்துப் பேசிய தன் மகளை அவர் இப்படித்தான் பார்த்தார் என்பது மாப்பிள்ளைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோபம் பாதி, பெருமை பாதி.

“இந்த நகலுக்கு இன்னொரு நகல் போட முடியுமா? ஒருத்தர் உடைச்சா வருத்தப்படாத மாதிரி?”

“டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள.”

*

பெரிய டாக்டரம்மா வரும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். பின்னாலேயே நிர்வாகி. குழு உறுப்பினர்கள் மாடியில் கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

“மேடம், எனக்கு ஐந்து நிமிஷம்தான் இருக்கு.”

“போதும் டாக்டர். பேச வேண்டாம், பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க.” அத்தை நிர்வாகியிடம் திரும்பினார். “சார், இது ஒத்திகை டேபிள். இந்தம்மா புதுப் பத்தி சேர்த்த கையோட எப்படி இருந்ததோ, அப்படியே. உட்கார்ந்து பார்த்து, சரியா இருக்கான்னு சொல்லுங்க.”

நிர்வாகி உட்கார்ந்தார். திரையில் வரிக்குமேல் வரியாக ஆட்கள். டாக்டரம்மா, “எல்லாரும் இருக்காங்களே,” என்று வாயெடுத்தார். அத்தை அவர் கையை மெல்லப் பிடித்து அழுத்தினார்.

நிர்வாகி ஆட்களைப் பார்க்கவே இல்லை. அவர் கண் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த புதுப் பத்தி, மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. அவருடைய தாடை லேசாக இறுகியது. கை சுட்டியைத் தேடிப் போனது.

“இதைத்தான் நான் அன்னைக்கும் பார்த்தேன். இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஓரமா வெச்சா யாரு கவனிப்பாங்க?”

பத்தியைப் பிடித்தார். இழுத்தார். ரத்த வகைக்குப் பக்கத்தில் விட்டார். அதற்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு கட்டத்தில் டிக் போட்டார்.

“அது என்ன சார்?” என்றான் மாப்பிள்ளை, ரொம்ப அப்பாவியாக.

“காலியா விடக் கூடாதுன்னு ஒரு டிக். இல்லாட்டி இந்தப் போன் பொண்ணுங்க அப்படியே விட்டுருவாங்க.”

திரையில் ஒரு பெட்டி குதித்தது. அட்டவணையைப் புதிதாகக் கட்ட வேண்டும், தொடரவா? ‘சரி’ என்று அழுத்தினார். இன்னொரு பெட்டி. விதிக்குப் பொருந்தாத வரிகள் விடுபடும், தொடரவா? ‘சரி.’ ஈ ஓட்டுகிற மாதிரி, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல்.

“இந்தப் பொட்டி எல்லாத்துக்கும் இப்படித்தான் தொணதொணக்கும்,” என்றார்.

வரிகள் போய்விட்டன.

தலைப்பு வரி மட்டும் மேலே தனியாக நின்றது. பெயர், ரத்த வகை, கூப்பிடச் சம்மதமா, போன் நம்பர். அதற்குக் கீழே ஒரு ஆள் இல்லை. இந்த நகலில் யாரையும் இன்னும் கேட்டிருக்கவில்லை. அதனால் யாருக்கும் பதில் இல்லை. அதனால் கதவு யாரையும் உள்ளே விடவில்லை.

நிர்வாகி திரையைப் பார்த்தார். சுட்டியைப் பார்த்தார். சுட்டி மேல் இருந்த தன் விரலை, வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போலப் பார்த்தார்.

“நான்... எதையும் அழிக்கலை,” என்றார். “நகர்த்தி வெச்சேன். சுவர்ல படம் சாய்ஞ்சிருந்தா நேரா வைக்கிறதில்லையா, அந்த மாதிரி. அதை யாராவது வேலைன்னு சொல்லுவாங்களா?”

“அதனாலதான் சார் உங்க சத்தியத்துல பொய் இல்லை,” என்றார் அத்தை. “படத்தை நேரா வெச்சீங்க. சுவர் விழுந்துச்சு. படத்தை மாட்டினவங்களைப் பிடிச்சுட்டீங்க.”

டாக்டரம்மா முதல் வேலையாக டேட்டாக்காவிடம் திரும்பினார். “ஆளுங்க?”

“பத்திரமா இருக்காங்க டாக்டர். இது நகலோட நகல். நிஜ நகல் இதுக்குப் பக்கத்துலயே இருக்கு. போன் பொண்ணு கேட்டு வாங்கின பதில்களையும் சேர்த்து இன்னைக்கே திரும்பக் குடியேத்திருவேன். பத்தி கடைசியிலதான் இருக்கும். கேட்காதவங்க கட்டம் காலியாத்தான் இருக்கும்.”

டாக்டரம்மாவின் தோள் இறங்கியது. “நல்லதும்மா. ரொம்ப நல்லது. அந்தக் கடிதத்தை நான் கிழிச்சுடறேன். குழுவுல டேட்டா கிடைச்சிருச்சுன்னு சொல்லிடறேன். சாரும் வேணும்னு செய்யலை, இங்க எத்தனையோ வருஷமா இருக்கறவர். எதுக்கு மேல மேல வளர்த்துக்கிட்டு?”

நிர்வாகி நன்றியோடு தலையாட்டினார். அறையில் எல்லாருக்கும் விஷயம் முடிந்த மாதிரி ஒரு சமாதானம் வந்து உட்கார்ந்தது.

டேட்டாக்கா அதை உட்காரவிடவில்லை.

“கிடைச்சிருச்சுன்னு சொல்லாதீங்க டாக்டர். தொலைச்சிருந்தாத்தானே கிடைக்கறதுக்கு?”

“என்னம்மா நீ...”

“போன வாரம் குழுவுல எல்லார் முன்னாடியும், ‘இவ தொலைச்சா’ன்னு சொன்னீங்க. அது மாடியில நடந்தது. இப்ப காதும் காதும் வெச்ச மாதிரி கீழ இந்த ரூம்ல சரிபண்ணா எனக்குப் போதாது. சார் வேணும்னு செய்யலை, ஒத்துக்கறேன். அதையும் நானே சொல்றேன். அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லலை. டேபிளைக் கட்டற அதிகாரத்தை மட்டும் அவர்கிட்டேருந்து எடுங்க. ஆனா என்ன நடந்ததுன்னு, சொன்ன இடத்துலயே சொல்லணும்.”

“இன்னைக்கு உன்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடலையேம்மா.”

“தெரியும். போன வாரமும் கூப்பிடலை.”

அவள் பழுது சீட்டு ஒட்டிய பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்தாள். நல்ல கனம். மாப்பிள்ளை, எதுவும் கிண்டல் தோன்றாமல், ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

“விடுங்க சார், நானே தூக்கறேன்,” என்றாள்.

“கதகதப்பா இருக்கேன்னு பிடிச்சேன்,” என்றான் அவன். விட்டுவிட்டான்.

மாடிப்படியில் அவள் முன்னால் போனாள். டாக்டரம்மா இரண்டு படி பின்னால். நிர்வாகி கடைசியில், சட்டையை இழுத்துவிட்டபடி. மேலே கூட்ட அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கும் சத்தம்.

இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் டேட்டாக்கா கதவைத் தட்டவில்லை. தோளால் தள்ளித் திறந்தாள்.

“இன்னைக்கு முதல்ல நான் பேசறேன்,” என்றாள்.